சென்னையில் என் வீட்டுப் பின்புறம் காலி இடம் இருக்கிறது. அங்கே பசு மாடு வளர்க்கலாமா? அனுமதி வாங்க வேண்டுமா?

வளர்க்கலாம், ஆனால் உரிமம் வாங்கித்தான். நகர்ப்புறங்களில் கால்நடை, பறவைகள் வளர்ப்பதை ஒழுங்குபடுத்த 1997-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. திருவல்லிக்கேணி, மயிலாப்பூர் பக்கம் தலைமுறையாக மாடு வைத்திருப்பவர்களுக்கும் இதே சட்டம்தான்.

உங்கள் வீட்டுப் பின்புறம் காலி இடம் இருப்பதாகச் சொல்கிறீர்கள். அங்கே மாட்டைக் கட்ட முடியுமா என்பதோடு நிறுத்தாதீர்கள். நாள் முழுக்க அது அங்கேயே நிற்க, படுக்க, தீவனம் தின்ன இடம் இருக்கிறதா? என் தெருவில் காலையில் பால் கறந்து முடித்ததும் மாட்டை அவிழ்த்து விட்டுவிடுவார்கள். அது நேராகக் குப்பைத் தொட்டிக்குத்தான் போகும். முடிச்சுப் போட்ட பையில் மிச்ச சோறு இருந்தால், பையோடு சேர்த்தே விழுங்கிவிடும். அந்தப் பிளாஸ்டிக் வயிற்றிலேயே தங்கிவிடும். மாடு அசை போடுவதை நிறுத்தும், இடது பக்க வயிறு உப்பிக்கொள்ளும். கடைசியில் வேப்பேரி கால்நடை மருத்துவமனையில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். பார்க்கவே மனசு தாங்காது.

மனிதர்களுக்கும் ஆபத்து. 2023-இல் அரும்பாக்கத்தில் பள்ளி விட்டு வந்த சிறுமியை மாடு முட்டித் தள்ளியதை ஊரே பார்த்தது. அதன்பின் மாநகராட்சி அபராதத்தை ஏற்றிக்கொண்டே வந்தது. 2024-இல் எடுத்த முடிவுப்படி, தெருவில் திரியும் மாட்டைப் பிடித்தால் முதல் முறை 10,000 ரூபாய், அடுத்த முறை 15,000. சிறு மாட்டுக்காரர்களுக்கு இது பெரிய தொகை என்பது உண்மை. இருந்தாலும் இந்த விஷயத்தில் நான் மாநகராட்சி பக்கம்தான்.

அப்புறம் சாணி. நல்ல பசு ஒன்று நாளைக்குப் பதினைந்து கிலோவுக்கு மேல் போடும். அதைக் கழுவி மழைநீர் வடிகாலில் விட்டால் முதல் மழைக்கே பக்கத்து வீட்டுக்காரர் மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்குப் போன் போட்டுவிடுவார், அவர் செய்வதும் நியாயம்தான். எருவாக எடுத்துக்கொள்ள ஆள் இருக்கிறார்களா என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். தீவனச் செலவைக் குறைக்க சிலர் கோயம்பேட்டில் கோஸ் இலை அள்ளி வருகிறார்கள். அதை மட்டும் நம்ப முடியாது. வைக்கோல், தவிடு, புண்ணாக்கு எல்லாம் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

முதலில் உங்கள் பகுதி மாநகராட்சி மண்டல அலுவலகத்துக்குப் போய் உரிமத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேளுங்கள். இடத்தைப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு மாட்டுக்கு முன்பணம் கொடுங்கள்.