பதநீர் நினைவிருக்கிறது, வசனம் மறந்துபோகிறது

கேள்வி: சாத்தான்குளம் பக்கத்துச் சபை ஒன்றில் ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். ஒன்பது முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள். அன்றாடம் பார்க்கிற பொருளை வைத்தோ உண்மைக் கதையை வைத்தோ சொன்னால்தான் உட்கார்ந்து கேட்கிறார்கள். பதநீருக்குச் சுண்ணாம்பு போடுவதை வைத்து ஒரு பாடம் நடத்தினேன். மறுவாரம் கேட்டால் பதநீர் எல்லாருக்கும் நினைவிருக்கிறது, வசனம் ஒருவருக்கும் இல்லை. போன மாதம், டோனாவூரில் ஊழியம் செய்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி வாட்ஸ்அப்பில் வந்த கதையைச் சொன்னேன். கால் ஒடிந்து படுக்கையில் கிடந்தவர் ஜெபத்தினால் எழுந்து நடந்தார் என்று முடித்தேன். ஆராதனை முடிந்ததும் டோனாவூர்க்காரர் ஒரு பெரியவர், "அப்படி நடக்கலியேம்மா" என்றார். எதை நம்பிச் சொல்வது? சொன்னதை இனி என்ன செய்வது?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

பெரியவர் சொன்னதுதான் சரி. 1931 அக்டோபர் 24 அன்று களக்காட்டில் ஒரு குழிக்குள் தவறி விழுந்து அம்மையாருக்குக் கால் முறிந்தது. அப்போது அவருக்கு வயது 63. பழைய நடமாட்டம் அதன்பின் திரும்பவே இல்லை. 1951 ஜனவரி 18 அன்று கண்மூடும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே இருந்தார். அங்கிருந்தபடியே புத்தகங்கள் எழுதினார். கல்லறைக்கல் வேண்டாம் என்று சொல்லிவைத்திருந்ததால், டோனாவூரில் அவரை அடக்கம்பண்ணின இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்கிற தொட்டிதான் இருக்கிறது.

கதையின் முடிவை மாற்றினவர் கெட்ட எண்ணத்தில் மாற்றியிருக்க மாட்டார். 'ஜெபித்தால் சுகம் கிடைக்கும்' என்று பாடத்தை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அதற்குத் தோதாக ஆளை எழுப்பி நடக்கவிட்டிருக்கிறார். ஆனால் உங்கள் வகுப்பில், வாதம் வந்து ஆச்சி படுத்தபடுக்கையாய்க் கிடக்கிற வீட்டுப் பிள்ளை ஒன்றாவது இருக்கும். "நாங்களும் தினமும் ஜெபம் பண்ணுதோமே, ஆச்சி ஏன் எந்திரிக்கல?" என்று அது வாய்விட்டுக் கேட்காது. மனசுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். நடந்ததை நடந்தபடி சொல்லியிருந்தால், "என் கிருபை உனக்குப்போதும்" என்கிற 2 கொரிந்தியர் 12:9 நேராக அந்தப் பிள்ளைக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆகவே வருகிற ஞாயிறே திருத்திவிடுங்கள். பாடம் தொடங்குமுன் இரண்டே வாக்கியம்: "போன மாசம் நான் சொன்ன கதையோட முடிவு தப்பு. அந்த அம்மாவுக்குப் பழைய நடமாட்டம் திரும்பல, அறைக்குள்ள இருந்தே ஏறக்குறைய இருபது வருஷம் ஊழியம் செஞ்சாங்க." வாட்ஸ்அப்பைக் குறை சொல்லி நீட்ட வேண்டாம். அன்றைக்கு அந்த வசனத்தையே பாடமாக வைத்துவிடலாம்.

இனி வருகிற கதைகளைச் சோதிக்க ஒரு பழைய பிரமாணம் இருக்கிறது. உபாகமம் 19:15-ன்படி ஒரு காரியம் நிலைவரப்பட இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும். ஒரே செய்தி பத்துக் குழுவில் வந்தாலும் அது ஒரே சாட்சிதான். ஊர் இல்லை, வருஷம் இல்லை, 'ஒரு மிஷனரி' என்று மட்டும் இருக்கிறது என்றால் உடனே சந்தேகப்படலாம். யாரும் கூட இல்லாத இடத்தில் நடந்த பேச்சு வார்த்தைக்கு வார்த்தை எழுதப்பட்டிருந்தாலும் அப்படித்தான். நம் பக்கத்தில் ஒரு வசதி, பாதிச் சாட்சிகள் பஸ் ஏறிப் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்கின்றன. மிஷனரி கால்டுவெல் ஐயர் இடையன்குடி ஆலயத்தைக் கட்ட 33 வருஷம் எடுத்தார் என்று கேள்விப்பட்டால், 1847-ல் தொடங்கி 1880-ல் பிரதிஷ்டை ஆன அந்த ஆலயத்துக்கே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஆலயச் சுவரில் பதித்த நினைவுக்கல், கல்லறைத் தோட்டம், சேகர (பல சபைகள் சேர்ந்த வட்டார) அலுவலகத்துப் பழைய பதிவேடு, இவை மூன்றையும் பார்த்த பிறகு சபையின் நூற்றாண்டு மலரைத் திறவுங்கள். மலரில் 'என்பர்' என்று முடிகிற வாக்கியங்கள் செவிவழிச் செய்தி. பெரியவர்கள் கூட்டத்தில் அவற்றை 'இப்படிச் சொல்வார்கள்' என்று சொல்லி வைக்கலாம். பிள்ளைகளுக்கு அந்த 'சொல்வார்கள்' காதில் விழாது, அதனால் விட்டுவிடுங்கள்.

இப்போது பதநீர். பனைநாட்டில் இந்தப் பாடம் நடத்துகிறவருக்கு ஒரு சங்கடம் உண்டு: வகுப்பில் நாலைந்து பிள்ளைகளுக்காவது ஆசிரியரைவிட விஷயம் கூடத் தெரிந்திருக்கும். பொருளைப் பற்றித் தப்பாகச் சொன்னால் வசனத்தையும் அவர்கள் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிடுவார்கள். 'பதநீரில் சுண்ணாம்பைக் கலந்தால் சுத்தமாகும், அதுபோல நம் பாவம்...' என்றுதான் பலர் சொல்கிறார்கள். அங்கேயே பாடம் கெட்டுப்போகிறது. சுண்ணாம்பு போடுவது கெட்டுப்போனதைச் சுத்தமாக்க அல்ல. பனையேறுகிறவர் பாளையை (பனையின் பூங்குலையை) இடுக்கியால் நசுக்கிப் பக்குவப்படுத்துகிறார். நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டுக் கலயத்தைக் கட்டுகிறார். கட்டுவதற்கு முன்பே கலயத்தின் உள்சுவரில் சுண்ணாம்பு தடவியாகிவிட்டது. சொட்டுகிற சாறு நம் ஊர் வெக்கையில் உடனே நொதிக்கத் தொடங்கும். சுண்ணாம்பின் காரத்தன்மை அந்த நொதிக்கிருமியை வளரவிடாது. சுண்ணாம்பு தடவாத கலயத்தில் விழுந்தது கள்ளாகிவிடும். அதன்பிறகு சுண்ணாம்பை அள்ளிக் கொட்டினாலும் போன இனிப்பு திரும்பாது. அரைகுறையாய்ப் புளித்ததைக் காய்ச்சினாலும் பதம் வராமல் இளகும், கருப்பட்டி கெட்டியாக நிற்காது.

ஆக, இந்தப் பொருள் சொல்லுகிற ஒரே சங்கதி 'முன்கூட்டியே' என்பது. அதற்கு நேர்வசனம் சங்கீதம் 119:11, "நான் உமக்கு விரோதமாய்ப் பாவஞ்செய்யாதபடிக்கு, உமது வாக்கை என் இருதயத்தில் வைத்துவைத்தேன்." மன்னிப்பைப் பற்றிப் பேச வேண்டுமானால் வேறு பொருளைத் தேடுங்கள்.

உங்கள் வகுப்பில் பதநீர் மட்டும் நின்றதற்குக் காரணம், பெரும்பாலும் பொருளில் தொடங்கி வசனத்தில் முடித்ததுதான். வசனம் வரும்போது பிள்ளைகள் எழுந்திருக்கத் தயாராகிவிடுவார்கள். மாற்றிப் பாருங்கள். பாடத்தின் கடைசி வாக்கியத்தை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: 'சோதனை வருமுன்னே வசனத்தை உள்ளே வை.' இந்த வாக்கியத்துக்குக் கொண்டுபோகாத எல்லாவற்றையும் வெட்டுங்கள். பனையேறப் பயன்படுகிற தளைநாரும் முருக்குத்தடியும், உடன்குடிக் கருப்பட்டியும் கேட்க நன்றாகத்தான் இருக்கும், அன்றைக்கு வேண்டாம். பத்து நிமிஷம் இருந்தால், முதல் நிமிஷத்தில் வசனத்தை இரண்டு தரம் வாசியுங்கள். அடுத்த மூன்று நிமிஷம் கலயம். பனையேறுகிற ஒருவரிடம் சுண்ணாம்பு காய்ந்து ஒட்டியிருக்கிற வெறுங்கலயத்தைக் கேட்டு வாங்கிவந்து, கைமாற்றிக் கைமாற்றி உள்ளே பார்க்கவிடுங்கள். "சுண்ணாம்ப எப்போ பூசுனாங்க?" என்று கேளுங்கள். "கட்டுறதுக்கு முன்னாடி" என்று பதில் வரும். உடனே கலயத்தைத் துணியால் மூடி மேசைக்கு அடியில் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கண் அங்கேயே இருக்கும். அப்புறம், "சங்கீதக்காரர் வசனத்த எப்போ வச்சார்?" முடிச்சைப் பிள்ளைகளே போடுவார்கள். தாங்கள் போட்ட முடிச்சு அவர்களுக்கு மறக்காது. மீதி நேரத்தில் ஒரே ஒரு நடைமுறை: அரையாண்டுப் பரீட்சையில் பக்கத்துத் தாளைப் பார்க்கத் தோன்றும் நேரத்துக்காக, பரீட்சைக்கு முந்தின வாரமே எந்த வசனத்தைப் படித்து வைப்பது என்று அவரவர் எழுதட்டும். குடிக்கப் பதநீர் கொண்டுவந்திருந்தால் கடைசி ஜெபத்துக்கு அப்புறம் கொடுங்கள். சுண்ணாம்பு போடாததையும் கொண்டுவந்து வித்தியாசம் காட்டலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கிறது, ஞாயிறு பள்ளிக்கு அந்த வம்பு எதற்கு!

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று கையைத் தூக்கும்: "சுண்ணாம்பு கூடிட்டாலும் பதநீர் நல்லா இருக்காதே, அப்போ வசனமும் கூடிடக் கூடாதா?" இதற்கு ஆன்மிக விளக்கம் தேடி அலையாதீர்கள். "நல்ல கேள்வி. நாம எடுத்துக்கிட்டது எப்போ பூசணும்ங்கிறத மட்டும்தான்" என்று சொல்லி நகருங்கள். ஒரு பொருளின் எல்லாப் பக்கத்துக்கும் அர்த்தம் சொல்லத் தொடங்கினால் பாடம் விடுகதையாகிவிடும்.

உப்புப் பாடத்துக்கு வேறு எச்சரிக்கை. தூத்துக்குடி உப்பளத்துப் பிள்ளையிடம் மத்தேயு 5:13-ஐ வாசித்து 'உப்பு சாரமற்றுப்போகும்' என்றால், "எங்க உப்பு போகாதே" என்று சொல்லும். அது சொல்வது சரிதான். வேதாகம நாட்டில் சவக்கடல் பக்கத்தில் எடுத்த உப்பில் வேறு தாதுக்களும் கலந்திருந்தன. ஈரம் பட்டு உப்பு மட்டும் கரைந்து போனால் மிஞ்சுகிற வெள்ளைத் தூளில் ருசி இருக்காது. பார்க்க மட்டும் உப்பு. இதைச் சொல்லாமல் உப்புப் பாடம் நடத்த வேண்டாம்.

பொருளும் உண்மைக் கதையும் செய்கையும் ஒன்றாகக் கூடிவருகிற பாடம் கிடைப்பது அபூர்வம். நமக்குக் கைப்பிடி அரிசி இருக்கிறது. 1903 பிப்ரவரி 12 அன்று பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. தொடங்கியவர்களில் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியாவும் ஒருவர், 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை இப்படிப்பட்ட ஊழியத்துக்கென்று தனியே எடுத்துவைப்பது நம் வீட்டுப் பெண்களின் வழக்கம். பிள்ளைகளிடம் வீட்டில் ஒரு பிடி அரிசியை அளந்து வரச்சொல்லுங்கள். பெரியவர் கையால் அள்ளினால் 40 கிராம் போல இருக்கும், மாதத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல். வகுப்பில் பெருக்கிக் கூட்டி, ஒரு தெருவுக்கு எவ்வளவு சேரும் என்று அவர்களே கணக்குப் போடட்டும். வசனம் 1 இராஜாக்கள் 17. பஞ்சகாலத்தில் எலியாவுக்கு அப்பம் சுட்டுக்கொடுத்த சாறிபாத் விதவையிடம் இருந்ததும் ஒரு பிடி மாவுதான். இங்கே வழக்கமாகச் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு: 'ஒரு பிடி கொடு, மூட்டை மூட்டையாக வரும்' என்று ஆசை காட்டிவிடுவார்கள். 16-ஆம் வசனத்தைத் திரும்ப வாசியுங்கள். பானை நிரம்பி வழிந்ததாக அதில் இல்லை. மா செலவழிந்துபோகவில்லை, அவ்வளவுதான்.

சமீபத்திய சம்பவங்களையும் தாராளமாக எடுக்கலாம். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பயணிகள் தண்ணீருக்கு நடுவில் மாட்டிக்கொண்டார்கள். பக்கத்துப் புதுக்குடி மக்கள், தாங்களே வெள்ளத்தில் தவிக்கிற நேரத்தில், ஊர்க் கோயிலில் வைத்துச் சமைத்து அவர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். லூக்கா 10-ல் இருக்கிற நல்ல சமாரியன் உவமைக்கு இதைவிடப் பொருத்தமான உண்மைக் கதை நம் ஜில்லாவில் அண்மையில் நடந்ததில்லை. அந்த உவமையில் அடிபட்டவனைத் தூக்கினவனும் ஆசாரியன் அல்ல, லேவியன் அல்ல, சமாரியன். கோயிலில் சமைத்தார்கள் என்பதைச் சொல்லத் தயங்கி 'நல்ல மனிதர்கள் சிலர்' என்று மழுப்பினால் இயேசு சொன்னதையே மழுப்பினதாகும். அதே வெள்ளத்தைத் தேவ கோபம் என்று விளக்க யாராவது எழும்பினால், சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசு கேட்டது லூக்கா 13:4-ல் இருப்பதைக் காட்டி உட்காரவையுங்கள்.

உயிரோடிருக்கிறவர்களின் கதை என்றால் இன்னும் கவனம் வேண்டும். கடன், குடி, ஓடிப்போன கல்யாணம், தற்கொலை, இவற்றைப் பேர் சொல்லாமல் சொன்னாலும் இரண்டு தெரு ஊரில் யார் என்று எல்லாருக்கும் தெரியும். சம்பந்தப்பட்டவர் வீட்டுக்குப் போய், சொல்லப்போவதை முழுதாகச் சொல்லிக் காட்டி அனுமதி கேளுங்கள். கூட்டத்துக்கு நடுவில் கேட்டால் மறுக்க முடியாமல் தலையாட்டுவார்கள், அது அனுமதி இல்லை. 'யோசிச்சுச் சொல்லுதேன்' என்று பதில் வந்தால், அந்த வாரத்துக்கு வேறு கதை பார்த்துக்கொள்ளுங்கள்.