ரிலுசோல் சாப்பிட்டும் கை தேறவில்லை, நிறுத்தலாமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58. ஏ.எல்.எஸ். வகை மோட்டார் நியூரான் நோய் (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் படிப்படியாகச் சாகும் நோய்) என்று கண்டுபிடித்து ஆறு மாதமாகிறது. ரிலுசோல் சாப்பிடுகிறார், ஆனால் கைக்குப் பலம் வரவில்லை. நரம்பு இணைப்புகளில்தான் கோளாறு என்று படித்தேன். அதைச் சரிசெய்ய மருந்து உண்டா? இந்த மாத்திரையைத் தொடர வேண்டுமா?

பதில்: தொடருங்கள். போன பலத்தை ரிலுசோல் திருப்பித் தராது. நோய் நகரும் வேகத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், அவ்வளவுதான். மாத்திரை சாப்பிடாமல் இருந்திருந்தால் இன்று அந்தக் கை எப்படி இருந்திருக்கும் என்று பார்க்க வழியில்லையே, அதனால்தான் பலன் கண்ணில் படுவதில்லை. ஆரம்பகால ஆய்வுகளில் இது ஆயுளைக் கூட்டியது சுமார் இரண்டு மூன்று மாதம். சிறிய லாபம்தான், ஆனாலும் உண்மையானது.

நீங்கள் படித்தது சரி. ஒரு நரம்பணு அடுத்ததோடு பேசும் இடம் சினாப்ஸ். இந்த நோயில் அது இரண்டு இடங்களில் கெடுகிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் குளூட்டமேட் என்ற தூண்டும் ரசாயனம் அளவுக்கு மீறிச் சேர்கிறது. அதை உறிஞ்சி அப்புறப்படுத்த வேண்டிய துணைச் செல்கள் அந்த வேலையில் பின்தங்கிவிட, ஓயாத தூண்டுதலில் நரம்பணு களைத்துச் சாகிறது. குளூட்டமேட் வெளியாவதைக் குறைப்பதுதான் ரிலுசோலின் முக்கிய வேலை.

இரண்டாவது இடம், நரம்பு தசையைத் தொடும் முனை. இந்த நோயை உண்டாக்கும் எஸ்.ஓ.டி.1 என்ற மரபணுவின் பிழை கொண்ட எலிகளில், நரம்பணு சாவதற்கு வெகு முன்பே அதன் முனை தசையை விட்டுக் கழன்றுவிடுகிறது. கழன்ற இடத்துக்குப் பக்கத்து நரம்பு புதுக்கிளை விட்டுப் பிடித்துக்கொள்ளும். அதனால் இழப்பு பல மாதம் வெளியே தெரியாது. பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் போகும்போதுதான் பொத்தான் போட முடியவில்லை என்று அப்பா சொல்லியிருப்பார். நோய் திடீரென்று வந்ததுபோல் வீட்டார் பலருக்கும் தோன்ற இதுவும் ஒரு காரணம்.

ஏ.எல்.எஸ். நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு, நரம்பணுவின் உட்கருவில் இருக்க வேண்டிய டி.டி.பி-43 என்ற புரதம் வெளியே போய்க் கட்டியாகிவிடுகிறது. அது உட்கருவில் இல்லாவிட்டால், சினாப்ஸில் ரசாயனப் பொட்டலங்களை அவிழ்க்க உதவும் யூ.என்.சி.13.ஏ என்ற புரதம் சரியாக உருவாவதில்லை. இது 2022இல்தான் தெளிவானது. இந்தப் பிழையைத் திருத்தும் மருந்துகளுக்கான முயற்சி நடக்கிறது. எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் திசை இது. ஆனால் இன்று அப்பாவுக்குக் கொடுக்கக்கூடிய மருந்தாக அது இன்னும் வரவில்லை.

இப்போது செய்யக்கூடியது மரபணுப் பரிசோதனை. குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்த நோய் இல்லாவிட்டாலும் கேளுங்கள். எஸ்.ஓ.டி.1 பிழை இருப்பது நூற்றில் சுமார் இரண்டு பேருக்குத்தான். அவர்களுக்காக டோஃபர்சென் என்ற மருந்து இருக்கிறது, முதுகுத்தண்டு நீரில் ஊசியாகப் போடுவார்கள். அமெரிக்கா 2023இல் அனுமதித்தது. சீக்கிரம் தொடங்குவதே நல்லது.

அப்புறம், நரம்புச் சத்து மாத்திரை. அதில் இருப்பது மெத்தில்கோபாலமின் என்ற பி12 வைட்டமின். ஜப்பானில் 2024இல் இந்த நோய்க்கு அனுமதி பெற்ற மெத்தில்கோபாலமின், வாரம் இருமுறை தசையில் போடும் 50 மில்லிகிராம் ஊசி. கடையில் கிடைக்கும் மாத்திரையில் இருப்பது மைக்ரோகிராம் கணக்கு. இரண்டையும் ஒன்றென்று சொல்லி யாராவது விற்றால் வாங்காதீர்கள். சினாப்ஸை மீட்டுத் தருவதாகச் சொல்லும் பொடிகளுக்கும் பணம் கொட்ட வேண்டாம்.

ரிலுசோலை வழக்கமாக 50 மில்லிகிராம் வீதம் தினம் இருமுறை, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ கொடுப்பார்கள். முதல் மாதங்களில் கல்லீரல் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள், வெள்ளணுக்களைப் பார்க்க வேண்டியிருக்கும்.

மருந்துக்கு இணையாக நான் வலியுறுத்துவது மூச்சும் எடையும். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுகிறதா, காலையில் தலை வலிக்கிறதா, பகலில் தூங்கி வழிகிறாரா என்று கவனியுங்கள். இருந்தால் இரவில் முகக்கவசம் வழியாக மூச்சுக்கு உதவும் கருவி வேண்டியிருக்கலாம். அது ஆயுளையும் தூக்கத்தையும் கூட்டுகிறது. விழுங்கச் சிரமப்பட்டாலோ எடை குறைந்தாலோ, உணவு செலுத்தும் வயிற்றுக் குழாய் பற்றி மூச்சுத் திறன் நன்றாக இருக்கும்போதே பேசிவிடுங்கள். அடுத்த முறை போகும்போது மூச்சுத் திறன் அளவைக் கேட்டு எழுதி வையுங்கள், எடையை வீட்டிலேயே மாதம் ஒருமுறை பாருங்கள்.