சொத்தை இல்லாமல் பல் கரையுமா?

கேள்வி: என் மகனுக்கு 6 வயது. மேல் முன்பற்களின் உள்பக்கம் மஞ்சளாகி மெலிந்துவிட்டது, சொத்தை எதுவும் இல்லை. பச்சைத் தண்ணீர் பட்டாலே கூசுகிறது என்கிறான். ராத்திரி படுத்தால் இருமல், காலையில் வாயில் புளித்த வாடை. சாக்லேட்தான் காரணம் என்கிறார் மாமியார். நானும் வாடை வரும்போதெல்லாம் பல் துலக்கிவிடுகிறேன். விழப்போகிற பால் பல்தானே, விட்டுவிடலாமா?
- ஒரு தாய், கோத்தகிரி

பதில்: முதலில் அந்தக் கூடுதல் பிரஷ்ஷை நிறுத்துங்கள் அம்மா. நேரில் பார்க்காமல் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சாக்லேட்டைவிட வயிற்றின் மேல்தான் எனக்குச் சந்தேகம். சொத்தை என்றால் குழி விழும். எதுக்களித்து வரும் அமிலம் அப்படியில்லை, பல்லை வழவழவென்று கரைக்கும், அதுவும் பெரும்பாலும் மேல் பல்லின் உள்பக்கத்தில், நாம் யாருமே பார்க்காத இடத்தில். அமிலத்தின் கடுமையைக் காட்டும் pH அளவு (எண் குறையக் குறைய அமிலம் கடுமை) 5.5-க்குக் கீழே போனாலே பல்லின் மேல் உறையான எனாமல் கரையத் தொடங்கும், வயிற்று அமிலமோ 1, 2 என்ற அளவில் இருக்கும். தூக்கத்தில் எச்சிலும் குறைந்துவிடுவதால் அதைக் கழுவிவிட ஆளில்லை. அமிலம் பட்டு இளகிய பல்லை உடனே தேய்த்தால் எனாமலும் சேர்ந்து போகும். புளித்து வந்தால் வெறும் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்லுங்கள், அரை மணி நேரமாவது கழித்துத் துலக்கலாம். ஒரு நாளைக்கு 2 வேளை போதும். பட்டாணி அளவு பேஸ்ட், ஃபுளோரைடு 1000 பிபிஎம் (ppm) இருக்கிறதா என்று டியூபில் பாருங்கள்.

விழப்போகிற பல்தான், சரி. ஆனால் 6 வயதில், எந்தப் பல்லும் விழாமலேயே, பின்னால் ஒரு கடைவாய்ப்பல் முளைக்கும். பலர் அதையும் பால் பல் என்றே நினைக்கிறார்கள். அது ஆயுசுக்கும் இருக்கவேண்டிய பல், அதே அமிலம் அதன் மேலும் படும், கரைந்த எனாமல் திரும்ப வளராது.

அப்புறம், நம் ஊர்க் குளிருக்கு இதமாக டீயும் வர்க்கியும் கொடுத்து உடனே கம்பளிக்குள் தள்ளிவிடுகிறோமே, அதை நிறுத்துங்கள். சாப்பிட்டு 2 மணி நேரமாவது கழித்துப் படுக்கட்டும். ப்ளம்ஸ் காயை உப்பு மிளகாய்த்தூள் தொட்டுக் கடித்துக்கொண்டே திரிவதும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம்.

பல் டாக்டரிடம் போகும்போது இருமலையும், குழந்தை டாக்டரிடம் போகும்போது பல்லையும் மறக்காமல் சொல்லுங்கள். எடை ஏறவில்லை, விழுங்கும்போது வலிக்கிறது, வாந்தியில் ரத்தம் தெரிகிறது என்றால் தள்ளிப்போடாமல் கூட்டிப்போங்கள்.