ரஸ்ட் ஃப்ரீதானே சார், அப்புறம் என்ன செலவு?

கேள்வி: எங்க கம்பெனில பத்து பேர் டீம், எல்லா புரோகிராமும் பைத்தான் லாங்குவேஜ்லதான் ஓடுது. ரெண்டு பசங்க மட்டும் ரஸ்ட்ங்கிற இன்னொரு புரோகிராமிங் லாங்குவேஜுக்கு மாறியே ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. லாங்குவேஜ் ஃப்ரீதானே, காசே ஆகாதுங்கிறாங்க. நெஜமாவா?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: கம்பைலர், அதாவது எழுதுன கோடை மெஷினுக்குப் புரியுற மாதிரி மாத்துற சாஃப்ட்வேர், ஃப்ரீதாங்க. யானைய சும்மா குடுத்தாலும் தீனி நீங்கதான போடணும்!

கத்துக்கிற செலவு பெருசா இருக்கும்னு எல்லாரும் பயப்படுறாங்க, எனக்கு அது சின்னதாத்தான் படுது. கூகுள் தன்னோட டெவலப்பர்கள் ஆயிரம் பேருக்கு மேல கேட்டுப் பாத்து 2023ல சொன்னது, மூணுல ரெண்டு பங்குக்கு மேல ஆளுங்களுக்கு ரெண்டே மாசத்துல ரஸ்ட் கோட்ல கை வைக்க தைரியம் வந்துருச்சுன்னு. ஆனா அங்க சொல்லிக்குடுக்க, ரிவ்யூ பண்ண ஆள் இருக்கு, உங்க ஆபீஸ்ல அதுக்கும் அந்த ரெண்டு பசங்கதான்.

உண்மையான செலவு அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்கும். பில்ட், டெஸ்ட், டிப்ளாய், லாகிங், செக்யூரிட்டி பேட்ச்னு பைத்தானுக்கு வச்சிருக்கிற அத்தனைக்கும் இன்னொரு செட் வேணும், பழைய கோடு வேற அது பாட்டுக்கு ஓடிட்டே இருக்கும், அதையும் பாத்துக்கணும், ஆள் எடுக்கிறப்போ ரெண்டும் தெரிஞ்சவங்களா தேடணும். ஆன்லைன்ல பாடம் நடத்துற கான் அகாடமி, பைத்தான் 2ங்கிற பழைய வெர்ஷன்ல இருந்து கோ (Go)ங்கிற லாங்குவேஜுக்கு மாறப்போறோம்னு 2019ல சொன்னாங்க, முடிக்க மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. அவங்களுக்காவது 2020 ஜனவரி 1லேருந்து பைத்தான் 2க்கு சப்போர்ட்டே கிடையாதுங்கிற கட்டாயம் இருந்துச்சு.

உங்க பசங்க ஆண்ட்ராய்டை சொல்லுவாங்க பாருங்க, ரஸ்ட் வந்தப்புறம் அங்க செக்யூரிட்டி ஓட்டைகள்ல, புரோகிராம் மெமரியத் தப்பா கையாளுறதால வர்றது 2019ல 76 சதவீதம், 2024ல 24ன்னு. வாஸ்தவம்தான். ஆனா அது சி, சி++ங்கிற லாங்குவேஜ்கள்ல எழுதுன கோடோட தலைவலி, பைத்தான்ல அந்த வியாதி பெரும்பாலும் கிடையவே கிடையாது! அதுவும் அவங்க பழசை உக்காந்து திருப்பி எழுதல, புதுசா எழுதுறதைத்தான் ரஸ்ட் பக்கம் திருப்புனாங்க.

ஸ்லோவா ஓடுதுங்கிறதுதான் குறைன்னா எது ஸ்லோன்னு மொதல்ல அளந்து பாக்கச் சொல்லுங்க, அந்த ஒரு துண்டை மட்டும் ரஸ்ட்ல எழுதி பைத்தான்லேருந்தே கூப்பிட்டுக்கலாம். டேட்டா சரியா இருக்கான்னு பாக்கிற பைடான்டிக்ங்கிற பைத்தான் லைப்ரரில 2023ல இப்படித்தான் உள்ள இருக்கிற மையப் பகுதிய மட்டும் ரஸ்ட்டுக்கு மாத்துனாங்க, வெளிய பைத்தான் அப்படியே இருக்கு.

அதுக்கும் முன்னாடி ஒண்ணு. ராத்திரி ரெண்டு மணிக்கு அந்தத் துண்டு படுத்துட்டா, இவங்க ரெண்டு பேரும் லீவுல இருந்தா, யார் எந்திரிச்சுப் பாப்பாங்கன்னு மூணாவதா ஒரு பேரைக் கேளுங்க. பேர் வந்தா வேலையக் குடுங்க.