கம்பி ஒரு இடத்துல அறுந்தா ஏன் மொத்த லைனும் நிக்குது? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உயர் அழுத்த மின்கம்பி அறுந்துடுச்சுன்னு மின்சார ரயிலை நிறுத்திட்டாங்க. அறுந்தது ஒரே ஒரு இடத்துல, அதை இழுத்துப் பிடிச்சு இணைக்க ஏன் மணிக்கணக்கா ஆகுது?

பதில்: உங்க கோபம் நியாயமானதுதான். ஆனா அந்தக் கம்பி சும்மா தொங்குற கம்பி கிடையாதுங்க. சுமார் 12 மில்லிமீட்டர் தடிமன்ல ஒரு செம்புக் கம்பி, அதைத் தாங்க மேல இன்னொரு கம்பி, ரெண்டையும் இணைக்க வரிசையா டிராப்பர்னு சின்னச் சின்னக் கம்பிங்க. ரயில் கூரையில இருந்துக்கிட்டு கம்பியிலேருந்து கரண்டை எடுக்குற பேன்டோகிராஃப் கீழேருந்து அழுத்திக்கிட்டே ஓடுறதால செம்புக் கம்பி எப்பவும் விறைப்பா, ஒரே மட்டமா இருந்தாகணும். வெயிலுக்கு செம்பு நீளும், 1 கிலோமீட்டர் கம்பி 30 டிகிரி சூடு ஏறினா அரை மீட்டர் நீண்டுடும், அந்தத் தொய்வை இழுத்துக்கத்தான் பல இடத்துல கம்பி முடியுற தூணுல கப்பி போட்டு, அடுக்கடுக்கா இரும்பு வெயிட் தொங்க விட்டிருப்பாங்க, கவனிச்சிருப்பீங்க. கம்பி நடுவுல அறுந்தா அந்த வெயிட் இறங்கிடும், அறுந்த கொடி மாதிரி அந்தப் பக்கம் இந்தப் பக்கம்னு நூத்துக்கணக்கான மீட்டருக்கு எல்லாமே தளர்ந்து போகும், டிராப்பர் பிச்சுக்கும், தூணுலேருந்து கம்பியைத் தாங்குற பிராக்கெட் கோணிக்கும். அதையெல்லாம் ஒவ்வொண்ணா பாத்து சரிபண்ணி, உயரம் அளந்து, திரும்ப விறைப்பேத்தணும்.

அதுக்கும் முன்னாடி பவர் பிளாக், அதாவது அந்தப் பகுதியில கரண்டை நிறுத்தி வேலை பாக்க அனுமதி வாங்கணும். கரண்டை நிறுத்தினா மட்டும் போதாது, பக்கத்து லைன்ல கரண்ட் ஓடுதுன்னா செத்த கம்பியிலயும் தூண்டல்ல ஆளைக் கொல்ற அளவுக்கு வோல்டேஜ் ஏறும், அதனால வேலை நடக்குற இடத்துக்கு ரெண்டு பக்கமும் எர்த் கம்பி மாட்டினதுக்கப்புறம்தான் ஆளுங்க கம்பி மேல கை வைக்கலாம். மேல நின்னு வேலை பாக்க மேடை வச்ச டவர் வேகன்ங்கற வண்டியும் அதே தண்டவாளத்துலதான் வரணும், வழியில ரயிலுங்க வரிசையா நின்னா அது எப்படி வரும்? மழையில ராத்திரியில மேல நின்னு இந்த வேலை பாக்குறவங்களை அவசரப்படுத்தவே கூடாதுங்கறது என் உறுதியான கருத்து.

கேள்வி: கம்பி தானா அறுமா?

பதில்: தேஞ்சு தேஞ்சு அறுறதும் உண்டு. மரக்கிளை விழுறது, மின்னல், மாஞ்சா நூல், இன்சுலேட்டர் பக்கத்துல இரும்புக் கம்பியை வச்சு கூடு கட்டுற காக்கா, இப்படி காரணம் நிறைய. பெரிய சேதம் பேன்டோகிராஃப் கம்பியில சிக்கும்போதுதான், வண்டி சட்டுன்னு நிக்காதே, நிக்குறவரைக்கும் கம்பியை இழுத்துக்கிட்டே போயிடும். கம்பியோட உரசுறது பேன்டோகிராஃப் உச்சியில இருக்குற கார்பன் பட்டை, ஒரே இடத்துல உரசி பள்ளம் விழுந்துடக்கூடாதுன்னு கம்பியையே நேரா இல்லாம வளைஞ்சு வளைஞ்சு போற மாதிரிதான் கட்டியிருப்பாங்க. சில வண்டியில அந்தப் பட்டைக்குள்ள காத்துக் குழாய் இருக்கும், பட்டை உடைஞ்சா காத்து வெளியேறி பேன்டோகிராஃப் தானா கீழ இறங்கிடும். எல்லா வண்டியிலயும் இது இருக்கணும்னு நான் ஆசைப்படுறேன்.

கேள்வி: ரயில் நடுவழியில நின்னுடுச்சு, எல்லாரும் இறங்கி நடக்குறாங்க. நானும் இறங்கலாமா?

பதில்: தயவுசெஞ்சு இறங்காதீங்க. ரயில்வே ஆளுங்க வந்து கரண்டை கட் பண்ணியாச்சு, பக்கத்து லைன்ல வண்டி வராதுன்னு சொன்னப்புறம் அவங்க காட்டுற பக்கமா இறங்குங்க. பல நாட்டுல இந்தக் கம்பியில ஓடுறது 25,000 வோல்ட், ஜெர்மனி, சுவிட்சர்லாந்துல 15,000. இவ்வளவு வோல்டேஜ்ல கம்பியைத் தொடக்கூட வேண்டாம், கிட்ட போனாலே காத்து வழியா பாஞ்சுடும், அதனாலதான் கூரை மேல ஏறுறவங்க கை படாமலே கருகிப்போறாங்க. கீழ கிடக்குற கம்பியில கரண்ட் இருக்காதுன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. கோளாறு வந்தா சப்ஸ்டேஷன்ல பிரேக்கர் நொடியில ஒரு துண்டு நேரத்துல விழுந்துடும்ங்கறது உண்மை, ஆனா கோளாறு தற்காலிகமானதான்னு பாக்க திரும்ப ஒரு தடவை கரண்ட் கொடுத்துப் பாக்குற வழக்கமும் இருக்கு, அந்த நேரத்துல நீங்க பக்கத்துல நின்னா என்ன ஆகும்? கம்பி ரயில் பெட்டி மேலயே விழுந்து கிடந்தா உள்ளயே இருக்குறதுதான் பத்திரம், ஒரு கால் தரையிலயும் ஒரு கை பெட்டியிலயும் இருக்குற அந்த ஒரு நொடிதான் ஆபத்து. குழந்தைங்களோட இருக்குறவங்களுக்குக் கஷ்டம்னு தெரியும், ஆனாலும் காத்திருங்க.

கேள்வி: லைட் எரியுது, ஏசி மட்டும் ஏன் ஓடல?

பதில்: லைட்டு பேட்டரியில எரியுது. ஏசிக்கு வேண்டிய பவரை பேட்டரி தாங்காது.

கேள்வி: கரண்ட் வந்தப்புறமும் ராத்திரி வரைக்கும் ரயில் லேட்டாவே ஓடுதே, ஏன்?

பதில்: அந்த நேரத்துல எந்த வண்டி எங்க இருக்கணுமோ அங்க இருக்காது. ஒரே வண்டிதான் போய்ட்டு திரும்பி வந்து அடுத்த சர்வீஸா கிளம்பும், அதனால காலையில ஒண்ணு மாட்டினா சாயங்காலம் கிளம்ப வேண்டிய நாலஞ்சு சர்வீஸ் வண்டியில்லாம நிக்கும். டிரைவர், கார்டோட டூட்டி நேரமும் முடிஞ்சிருக்கும், மாத்து ஆளு வேற ஸ்டேஷன்ல உக்காந்திருப்பாங்க. சரிபண்ண இடத்துல மொதல்ல வண்டியை மெதுவாத்தான் விடுவாங்க. அதனால சில சர்வீஸை கேன்சல் பண்ணி, சிலதை பாதி வழியில திருப்பி விட்டு வரிசையை நேராக்குறாங்க, எந்தெந்த வண்டி இல்லைன்னு மட்டும் உடனுக்குடனே மைக்ல சொன்னா ஜனங்க பஸ்ஸையாவது பிடிச்சுப் போயிடுவாங்க.