தூக்கணாங்குருவிக்குப் பிலிப்பைன்ஸ் எப்படி வந்தது? பறவைகளின் அறிவியல் பெயர்களைப் பொருள்கொள்ளும் முறை

கேள்வி: பறவை நோக்கத் தொடங்குவோருக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு தயாரித்து வருகிறேன். ஒவ்வொரு பறவைக்கும் அதன் அறிவியல் பெயரையும் அதன் பொருளையும் தர விரும்புகிறேன். குயிலுக்குப் பழைய நூல்களில் ‘யூடினமிஸ் ஸ்கோலோபேசியா’ என்றும் புதியவற்றில் ‘யூடினமிஸ் ஸ்கோலோபேசியஸ்’ என்றும் இருக்கிறது. இவற்றில் எது அச்சுப்பிழை? தூக்கணாங்குருவியின் பெயரில் பிலிப்பைன்ஸ் இருக்கிறதே, அது அந்நாட்டுப் பறவையா? பெயரின் பொருளை நம்பிப் பறவையைப் பற்றிய குறிப்பை எழுதலாமா?

பதில்: குயிலின் இரு பெயர்களில் எதுவும் அச்சுப்பிழை இல்லை. தூக்கணாங்குருவி பிலிப்பைன்ஸின் இயற்கைப் பறவை இல்லை. மூன்றாவது கேள்விக்குச் சற்று விரிவாக விடை சொல்ல வேண்டும். பெயரின் பொருளைக் கையேட்டில் தாராளமாகத் தரலாம். ஆனால் அதைப் பறவையின் இயல்பாகவோ வாழிடமாகவோ எழுதிவிடக் கூடாது. பெயர் வைத்தவரின் முன்னால் அன்று பதப்படுத்திய எந்தப் பறவைத் தோல் அல்லது எந்தப் படம் இருந்தது, அது எங்கிருந்து வந்ததாக அவருக்குச் சொல்லப்பட்டது, அவர் காலத்து நூல்கள் எதை நம்பின என்பவற்றுக்கே அப்பொருள் சான்றாகும்.

முதலில் பெயரின் அமைப்பு. விலங்குகளின் அறிவியல் பெயரீட்டுக்குத் தொடக்க எல்லையாகக் கொள்ளப்படுவது சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் கார்ல் லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட ‘சிஸ்டமா நேச்சுரே’யின் 10ஆம் பதிப்பு. பேரினப் பெயர் முதலிலும் சிற்றினப் பெயர் அடுத்தும் வரும் இருசொல் முறையை அது நிலைநிறுத்தியது. முழுமையாக எழுதும்போது இவற்றைத் தொடர்ந்து, சிற்றினத்துக்குப் பெயரிட்டவரும் ஆண்டும் வரும். சிட்டுக்குருவியின் பெயர் ‘பாஸர் டொமெஸ்டிகஸ் (லின்னேயஸ், 1758)’ என்றும், வீட்டுக் காக்கையின் பெயர் ‘கார்வஸ் ஸ்பிளெண்டன்ஸ் வியேயோ, 1817’ என்றும் எழுதப்படுகின்றன. ஒன்றில் அடைப்புக்குறி இருப்பதும் மற்றதில் இல்லாததும் தற்செயலானவை என்று பலர் எண்ணி, இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. லின்னேயஸ் சிட்டுக்குருவியை ‘ஃபிரிஞ்சில்லா’ என்ற பேரினத்தில் வைத்து ‘ஃபிரிஞ்சில்லா டொமெஸ்டிகா’ என்று பெயரிட்டார். பின்னர் அது ‘பாஸர்’ பேரினத்துக்கு மாறியது. சிற்றினம் முதலில் வைக்கப்பட்ட பேரினத்தில் இப்போது இல்லை என்பதற்கான அடையாளமே அந்த அடைப்புக்குறி. காக்கை வியேயோ வைத்த பேரினத்திலேயே இன்றும் இருக்கிறது.

அந்த மாற்றத்தில் ‘டொமெஸ்டிகா’ என்பது ‘டொமெஸ்டிகஸ்’ ஆனதைக் கவனியுங்கள்; உங்கள் குயில் சிக்கலுக்கும் இதுவே திறவுகோல். தமிழில் ஒரு பெயரின் பால் அது சுட்டும் பொருளைச் சார்ந்தது. இலத்தீனிலோ பால் சொல்லைச் சார்ந்தது. பேரினப் பெயர் ஒவ்வொன்றுக்கும் ஆண்பால், பெண்பால், இரண்டுமல்லாத மூன்றாம் பால் ஆகியவற்றில் ஒன்று இருக்கும். அது ஆண் பறவையா பெண் பறவையா என்பதோடு இதற்குத் தொடர்பில்லை. சிற்றினப் பெயர் பெயரடையாக இருந்தால், அதன் விகுதி பேரினத்தின் பாலோடு இயைய வேண்டும். ‘வீட்டைச் சார்ந்த’ என்னும் அடைமொழி, பெண்பாலான ஃபிரிஞ்சில்லாவுடன் ‘டொமெஸ்டிகா’ என்றும் ஆண்பாலான பாஸருடன் ‘டொமெஸ்டிகஸ்’ என்றும் வருகிறது. ‘யூடினமிஸ்’ என்பதை நெடுங்காலம் பெண்பாலாகக் கருதி ‘ஸ்கோலோபேசியா’ என்று எழுதினார்கள். பேரினப் பெயர்களின் இலக்கணப் பாலை மறுஆய்வு செய்தபோது அது ஆண்பால் என முடிவாகி ‘ஸ்கோலோபேசியஸ்’ என்றானது. ஆகவே புதிய வடிவத்தையே கையாளுங்கள்; பழைய நூலைப் பிழையுள்ளது என்று சொல்ல வேண்டாம். நகரப் பகுதிகளில் கூடு கட்டும் தகைவிலான் ஒன்றுக்கு வழங்கிய ‘டெலிக்கான் அர்பிகா’ என்ற பெயர் ‘டெலிக்கான் அர்பிகம்’ ஆனதும் இப்படித்தான். இந்த ‘டெலிக்கான்’, தகைவிலானைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘கெலிடோன்’ என்பதன் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டது. அதற்கு வேறு பொருள் தேடி அகராதியைப் புரட்டுவது வீண். மீன்கொத்தியைக் குறிக்கும் ‘அல்செடோ’ என்ற இலத்தீன் சொல்லைக் குலைத்துச் செய்த ‘டாசெலோ’வும் அதே வகை. பொருள் இருந்தே தீர வேண்டும் என்று விதி எதுவும் இல்லை.

குயிலின் பெயர் எதைச் சொல்கிறது? ‘ஸ்கோலோபேக்ஸ்’ என்பது உள்ளான் இனத்துப் பறவை ஒன்றின் பெயர். ‘ஸ்கோலோபேசியஸ்’ என்றால் அதைப் போன்றது. கரிய உடலும் சிவந்த கண்ணும் கொண்ட குயிலை மனத்தில் வைத்துப் பார்த்தால் இந்த ஒப்புமை விளங்காது. லின்னேயஸின் பெயருக்கு அடிப்படையாக இருந்தது, பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் இறைந்த ஒரு பறவையின் விவரணமும் படமும்; அந்நிறம் பெண் குயிலுக்குரியது. உள்ளானின் பழுப்புப் புள்ளி இறகுகளை நினைத்துக்கொண்டால் ஒப்புமை உடனே பிடிபடும். கூவும் ஆணைக் கொண்டே நாம் குயிலை அறிகிறோம், அறிவியல் பெயரோ பெண்ணின் இறகைச் சொல்கிறது. இத்தகைய விளக்கம்தான் கையேட்டில் ஒரு வரி இடம் பெறத் தகுதியானது. ‘உள்ளான் போன்ற குயில்’ என்று வெறுமனே மொழிபெயர்த்தால் படிப்பவர் குழம்புவார்.

இடப்பெயர்களில்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. லின்னேயஸ் 1766இல் தூக்கணாங்குருவிக்கு ‘லாக்சியா ஃபிலிப்பினா’ என்று பெயரிட்டார். அது பிலிப்பைன்ஸிலிருந்து கிடைத்தது என்ற முந்தைய நூற்செய்தி தவறானது. பேரினம் மாறி, பாலும் மாறி, அப்பெயர் ‘பிளோசியஸ் ஃபிலிப்பினஸ்’ ஆகியிருக்கிறது. தவறான நாடு மட்டும் அப்படியே இருக்கிறது. அதே 1766இல் செங்குதச் சின்னானுக்கு அவர் வைத்த ‘காஃபர்’ என்ற பெயர் அப்பறவையைத் தென்னாப்பிரிக்காவோடு இணைக்கிறது. அதன் இயற்கை வாழிடம் ஆசியா. ஆஸ்திரேலியாவின் சிரிக்கும் கூக்கபரா என்ற மீன்கொத்திக்கு ‘டாசெலோ நோவேகினியே’, அதாவது நியூ கினியைச் சேர்ந்தது, என்று பெயர். நியூ கினியில் அப்பறவை இல்லை. மாதிரித் தோல்கள் கப்பலில் துறைமுகம் துறைமுகமாகக் கைமாறி ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த காலம் அது. வாங்கிய இடமே பிடித்த இடமாகப் பதிவாவதற்கு எவரும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கூக்கபராவின் பெயருக்கு ஆதாரமாக இருந்த பிரெஞ்சுப் பயணி பியர் சொன்னெரா, தாம் போகாத நியூ கினியிலேயே பறவைகளைக் கண்டதாக எழுதியவர். அது தனி வகை.

இதைக் கொண்டு எல்லா இடப்பெயரும் பொய் என்ற முடிவுக்கும் போக வேண்டாம். புள்ளி மூக்குக் கூழைக்கடாவின் பெயர் ‘பெலிகானஸ் ஃபிலிப்பென்சிஸ்’. அப்பறவையும் இன்று பிலிப்பைன்ஸில் இல்லை. ஆனால் முன்பு அங்கே இருந்து, பிறகு அற்றுப்போனது. ஒரே நாட்டைச் சுட்டும் இரு பெயர்களில் ஒன்று தவறான செய்தி, மற்றது அழிந்துபோன கூட்டத்தின் பதிவு. பெயரை மட்டும் பார்த்து இவற்றை வேறுபடுத்த முடியாது. வெண்மார்பு மீன்கொத்தியின் ‘ஹால்சியான் ஸ்மைர்னென்சிஸ்’ என்ற பெயரிலுள்ள ஸ்மர்னா, துருக்கியின் இன்றைய இஸ்மீர் நகரம். அது சரியான இடம்தான். ஆனால் துருக்கி முதல் தென்கிழக்கு ஆசியா வரை பரவிய பறவையின் மேற்கு ஓரம் அது. இடப்பெயரை விளக்கும்போது ‘இங்கு வாழ்வது’ என்று எழுதாமல் ‘இங்கிருந்து வந்ததாகக் கருதிப் பெயரிடப்பட்டது’ என்று எழுதினால் மூன்று வகைக்கும் பொருந்தும்.

உறுப்பையும் தொழிலையும் சொல்லும் பெயர்கள் பெரும்பாலும் நம்பகமானவை. இவற்றில் நீங்கள் அதிகம் தடுமாற மாட்டீர்கள். தமிழில் இரட்டைவால் குருவி என்றும் வழங்கும் கரிச்சான் ‘டைக்ரூரஸ் மேக்ரோசெர்கஸ்’. ‘பிளவுபட்ட வால்’ என்பது பேரினம், ‘நீண்ட வால்’ என்பது சிற்றினம், வாலுக்கு இரண்டு வெவ்வேறு கிரேக்கச் சொற்கள். ‘பிளோசியஸ்’ என்றால் நெசவாளி. மைனாவின் ‘அக்ரிடோதீரஸ்’ வெட்டுக்கிளி வேட்டையாடி. அதை அடுத்து வரும் ‘டிரிஸ்டிஸ்’ என்பதற்குத் துயருற்றது, மங்கலானது என்ற இரு பொருளும் உண்டு. மைனாவின் நடையையும் சத்தத்தையும் அறிந்தவர் அதைத் துயரத்தோடு சேர்க்கத் தயங்குவார். மங்கிய பழுப்பு நிறம் என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. இலத்தீன் வேர்களில் ஓரெழுத்து வேறுபாடும் பொருளை மாற்றிவிடும்: ‘கோலா’ என்று முடிந்தால் வாழ்வது, ‘கோலிஸ்’ என்று முடிந்தால் கழுத்து. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான காடுகளில் வாழும் இரு சிறு பறவைகளுக்கென 2017இல் உருவாக்கப்பட்ட ‘ஷோலிகோலா’ என்ற பேரினத்தின் முன்பாதி நம் ‘சோலை’, பின்பாதி இலத்தீன். ‘சோலைவாழி’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். அவற்றுள் ‘ஷோலிகோலா ஆல்பிவென்ட்ரிஸ்’ வெண்வயிறு கொண்டது.

பழைய நம்பிக்கைகள் உறைந்துபோன பெயர்களும் உண்டு. பக்கிகளின் பேரினப் பெயர் ‘காப்ரிமல்கஸ்’, ஆட்டில் பால் கறப்பது. இரவில் பக்கி வந்து ஆட்டின் மடியில் பால் குடிக்கும் என்ற கதையை அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். பக்கிகள் உண்பது பூச்சிகளை. உழவாரனின் ‘ஏபஸ்’ என்ற பேரினப் பெயருக்கும், சொர்க்கப்பறவை ஒன்றின் ‘அபோடா’ என்ற சிற்றினப் பெயருக்கும் காலற்றது என்றே பொருள். ஆனால் காரணங்கள் வேறு. உழவாரனின் கால்கள் மிகக் குட்டையானவை, பறக்கும்போது தென்படுவதே இல்லை. சொர்க்கப்பறவைக்கோ நல்ல கால்கள் உண்டு. நியூ கினிப் பகுதியிலிருந்து வணிகத்துக்கு வந்த தோல்களைக் கால்களை நீக்கியே பதப்படுத்தியிருந்தார்கள். அப்பறவை தரையிறங்காமல் வானிலேயே வாழ்வதாக ஐரோப்பாவில் கதை எழுந்தது. 1758இல் வைத்த பெயரில் அக்கதையின் தடயம் தங்கிவிட்டது.

ஆட்களின் பெயரில் அமைந்தவற்றில் விகுதிதான் செய்தி. அவை ஆறாம் வேற்றுமை வடிவங்கள்: ஓர் ஆணுக்கு ‘இ’, ஒரு பெண்ணுக்கு ‘ஏ’, பலருக்குப் பெரும்பாலும் ‘ஓரம்’. அருணாசலப் பிரதேசத்தில் கண்டறியப்பட்டு 2006இல் ரமணா ஆத்ரேயா விவரித்த ‘லியோசிக்லா புகுனோரம்’, அப்பகுதியின் புகுன் மக்களுக்குரியது. குளத்துக் கொக்கின் ‘ஆர்டியோலா கிரேயி’, பிரித்தானிய விலங்கியலாளர் ஜான் எட்வர்ட் கிரேயைக் குறிக்கிறது. உரோமன் எழுத்தில் அதன் இறுதியில் ஐ என்ற எழுத்து இரண்டு முறை வரும். ஒன்று போதுமே என்று அதைக் குறைத்துவிடாதீர்கள். முதல் வெளியீட்டில் உள்ள எழுத்தமைப்பே செல்லும்.

தவறான நாட்டையும் பொய்க்கதையையும் ஏன் திருத்துவதில்லை என்று கையேட்டைப் படிப்பவர் நிச்சயம் கேட்பார். பன்னாட்டு விலங்கியல் பெயரீட்டு விதிகளின்படி, பொருள் பொருந்தவில்லை என்பது ஒரு பெயரைத் தள்ளக் காரணமாகாது. முறைப்படி முதலில் வெளியிடப்பட்ட பெயருக்கே முன்னுரிமை. பெயர்களைத் திருத்த அனுமதித்தால், ஒவ்வொரு தலைமுறையும் தனக்குத் தெரிந்ததற்கேற்ப மாற்றும்; பழைய பதிவுகளைப் புதியவற்றோடு இணைக்க முடியாமல் போகும். 2024இல் தாவரவியலாளர்கள், காஃபருக்கு இணையான, இழிசொல்லாகக் கருதப்படும் அடைமொழியைத் தாவரப் பெயர்களில் மாற்ற முடிவெடுத்தார்கள். விலங்கியலில் அம்மாற்றம் நடைபெறவில்லை. சின்னானின் பெயரை விளக்கும்போது, அச்சொல் வசையானது என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

இனி உங்கள் வேலை. ஒவ்வொரு பெயருக்கும் முதலில் அது எந்தப் பேரினத்தில் வெளியிடப்பட்டது, எந்த ஆண்டில், எந்த இடத்து மாதிரியைக் கொண்டு என்ற மூன்றையும் பாருங்கள். இவை தெரிந்தால் பாதிப் புதிர் தானாக அவிழும். பிறகு, பறவைப் பெயர்களுக்கென்றே தொகுக்கப்பட்ட அகராதிகளைப் பாருங்கள். பொது இலத்தீன் அகராதியில் சொல்லைத் தேடிப் பொருளை நீங்களே ஒட்டவைப்பது ஆபத்தானது. விளக்கம் உறுதியாகக் கிடைக்காத பெயரின் பக்கத்தில் இடத்தை வெறுமையாக விடுங்கள். பேரினங்கள் மரபணு ஆய்வுகளால் தொடர்ந்து மாறுவதால், எந்த ஆண்டின் பட்டியலைப் பின்பற்றினீர்கள் என்பதை முன்னுரையில் குறிப்பிடுங்கள்.

அச்சில் ஒன்று முக்கியம். நான் இங்கே செய்ததுபோலத் தமிழ் எழுத்தில் தருவது வாய்விட்டுப் படிக்க உதவும், அவ்வளவே. கையேட்டில் உரோமன் எழுத்து வடிவம் கட்டாயம் இருக்க வேண்டும். அதில் பேரினத்தின் முதலெழுத்து மட்டும் பெரிய எழுத்து. இடப்பெயரிலிருந்தோ ஆளின் பெயரிலிருந்தோ வந்திருந்தாலும் சிற்றினப் பெயர் சிறிய எழுத்தில்தான் தொடங்கும். இரு சொற்களும் சாய்வெழுத்திலும், பெயரிட்டவரும் ஆண்டும் நேரெழுத்திலும் இருக்கட்டும்.