‘அக்யூஸ்ட் டு ஸ்டீல்’ ஏன் தவறு?

‘திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்டான்’ என்பதற்கு ‘ஹி வாஸ் அக்யூஸ்ட் டு ஸ்டீல்’ என்று எழுதினால் தவறு. ‘அக்யூஸ்ட் ஆஃப் ஸ்டீலிங்’ என்றே வர வேண்டும். காரணம் தமிழிலும் இருக்கிறது. ‘ஓடு’ என்பதோடு ‘ஆக’ நேராக ஒட்டாது. ‘ஓடியது’ என்று பெயராக்கினால்தான் ஒட்டும்: ‘ஓடியதாக’. ஆங்கில முன்னிடைச்சொல்லுக்கு (பிரிபொசிஷன், இங்கே ‘ஆஃப்’) பின் வரும் வினையும் அப்படித்தான் ‘இங்’ ஏற்கிறது.

எந்த முன்னிடைச்சொல் என்பது வினையைப் பொறுத்தது: சார்ஜ்ட் வித், ஃபைன்ட் ஃபார், பிரிவென்டட் ஃப்ரம். இதற்குச் சூத்திரம் கிடையாது, ஜோடியாகவே மனப்பாடம் செய்யுங்கள்.

வழுக்கும் இடம் ‘டு’. அது முன்னிடைச்சொல்லாகவும் வரும், ‘இங்’ ஏற்காத வெறும் வினைக்கு முன்னும் வரும். ‘ஷி இஸ் யூஸ்ட் டு டிரைவிங்’ என்றால் அவளுக்கு ஓட்டிப் பழக்கம். ‘தி கீ இஸ் யூஸ்ட் டு ஓப்பன் தி டோர்’ என்பதில் சாவி கதவைத் திறக்கப் பயன்படுகிறது. ‘டு’வுக்குப் பின்னுள்ளதை எடுத்துவிட்டு ‘இட்’ போடுங்கள். பொருள் கெடாவிட்டால் ‘இங்’தான்.